நிக்கல் படலம் கெட்டதற்கு நிக்கல் காரணமல்ல

கேள்வி: கண்ணாடித் துண்டில் 100 நனோமீற்றர் தடிப்பில் நிக்கலை ஆவியாக்கிப் படியவிடுகிறேன். எனக்கு முன் இதே இயந்திரத்தில் வேலை செய்த அண்ணாவின் படலங்களில் 30 ஓர்ஸ்டட் (காந்தப்புல அலகு) புலத்திலேயே காந்தத்திசை புரண்டது. என்னுடையவற்றுக்கு 100க்கு மேல் வேண்டியிருக்கிறது. காந்தமாக்கலும் மூன்றிலொரு பங்கு குறைவு. வெற்றிட அறையின் அமுக்கமானி, தோர் என்ற அமுக்க அலகின் பத்து இலட்சத்தில் 5 பங்கு காட்டுகிறது. படலம் வழுவழுப்பாக வரட்டும் என்று செக்கனுக்கு 0.05 நனோமீற்றர் வேகத்தில் மெதுவாகத்தான் படியவிடுகிறேன். நிக்கல் தந்த முகவர், சுத்தம் போதாது, 99.999 சதவீதம் வாங்குங்கள் என்கிறார். வாங்கலாமா சேர்?
– ஆராய்ச்சி மாணவி, வெள்ளவத்தை

பதில்: வாங்க வேண்டாம், தங்கச்சி. உங்களிடம் இருப்பது 99.9 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். அதிலுள்ள 0.1 சதவீத அழுக்கு உங்கள் காந்தமாக்கலில் மூன்றிலொரு பங்கைத் தின்ன முடியாது. அவ்வளவு குறைய வேண்டுமானால் வேறு உலோகம் சில சதவீதமாவது கலந்திருக்க வேண்டும். இது முகவருக்குத் தெரியாமலிருக்கலாம். தெரிந்தும் சொல்லாமலிருக்கலாம்.

உங்கள் படலத்தைக் கெடுப்பது அந்த மெதுவான வேகம். தோரின் பத்து இலட்சத்தில் 1 பங்கு அமுக்கத்தில், எஞ்சிய வாயு மூலக்கூறுகள் ஒவ்வொரு செக்கனும் மேற்பரப்பு முழுவதையும் ஏறத்தாழ ஒரு தடவை மூடும் அளவுக்கு வந்து மோதுகின்றன. உங்கள் மானிப்படி ஐந்து தடவை. அதே செக்கனில் நீங்கள் கொடுக்கும் நிக்கலோ ஓரணுத் தடிப்பில் கால்வாசி. அதாவது ஒரு நிக்கல் அணுவுக்கு இருபது வாயு மூலக்கூறுகள். பெரும்பாலானவை ஒட்டாமல் திரும்பிவிடும். ஒட்டுகிறவையே போதும். கொழும்புக் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம். அறையைத் திறந்ததும் சுவரெல்லாம் நீரைப் பிடித்துக்கொள்ளும். பம்பி இழுக்க இழுக்க அது மெல்ல மெல்ல வெளியேறும். அந்த நீரிலுள்ள ஒட்சிசன் நிக்கலை ஒட்சைட்டாக்கும். நிக்கல் ஒட்சைட்டில் பக்கத்துப் பக்கத்து அணுக்களின் காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழிப்பதால், படலத்தின் காந்தமாக்கலுக்கு அது எதையும் கொடுப்பதில்லை. படலத்திலுள்ள நுண்ணிய படிகமணிகளின் எல்லைகளில் போய் உட்கார்ந்து, காந்தத்திசை புரள்வதையும் மறிக்கும். உங்கள் இரண்டு குறைகளும் அங்கிருந்தே வருகின்றன.

100 நனோமீற்றருக்கு நீங்கள் அரை மணிக்கு மேல் எடுக்கிறீர்கள். செக்கனுக்கு 1 நனோமீற்றர் என்றால் 100 செக்கனில் முடிந்துவிடும், வாயுவின் பங்கும் இருபது மடங்கு குறையும். கண்ணாடியை மறைக்கும் திரைத்தகட்டை மூடியபடி முதலில் கொஞ்ச நிக்கலை ஆவியாக்கிவிடுங்கள். சுவரில் படியும் புது உலோகமே ஒட்சிசனைப் பிடித்து வெற்றிடத்தைத் திருத்தும். அறையைத் திறக்கும்போது உலர் நைதரசனை விட்டுத் திறந்து, சீக்கிரம் மூடுங்கள்.

கண்ணாடியைச் சூடாக்காமல் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நிக்கல் உருகுவது 1455 பாகை செல்சியசில். அறை வெப்பநிலையில் வந்து விழும் அணுவுக்கு நகர்ந்து நல்ல இடம் தேடச் சக்தியில்லை. ஒல்லியான தூண்களும் இடைவெளிகளுமாகப் படலம் வளரும். வெளியே எடுத்த பின் ஈரம் அந்த இடைவெளிகளால் இறங்கும். 200 பாகை வரை சூடாக்கினால் கண்ணாடியிலுள்ள நீரும் போகும், மணிகளும் நெருங்கி வளரும். 50 பாகைக்குக் கீழே ஆறும்வரை வெற்றிடத்தைக் கலைக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள். மாதிரியை அதன் தளத்திலேயே சுழற்றிச் சுழற்றி அளக்கும்போது காந்த வளையத்தின் (புலத்தோடு காந்தமாக்கல் மாறும் வரைபடத்தின்) வடிவம் மாறுகிறதா? மாறினால் கோளாறு வாயுவோடு நிற்கவில்லை, கண்ணாடி, நிக்கல் ஆவியாகும் மூலத்துக்கு நேர் மேலே இல்லாமல் ஓரமாக இருக்கிறது. ஆவி சாய்வாக வந்தால், முன்னே நிற்கும் மணி பின்னேயுள்ள இடத்துக்கு நிழல் விழுத்தும். கடற்கரைத் தென்னைபோலத் தூண்கள் ஆவி வரும் பக்கமாகச் சாயும். காந்தத்துக்கு ஒரு திசை இலகுவாகவும் குறுக்குத் திசை கடினமாகவும் ஆகிவிடும். இரும்பு–நிக்கல் கலப்புலோகப் படலங்களில் இது 1950களின் இறுதியிலேயே அவதானிக்கப்பட்டது. நடுத்தரச் சாய்வில் இலகுவான திசை ஆவி வரும் பக்கத்துக்குக் குறுக்கே அமையும். சாய்வு மிக அதிகமானால் அது திரும்பி ஆவியின் பக்கமே வந்துவிடும். ஆகவே ஒரே தட்டின் நடுவிலும் ஓரத்திலும் வைத்த இரண்டு துண்டுகளை ஒப்பிடாதீர்கள். அண்ணாவின் துண்டுகள் தட்டில் எங்கே இருந்தன என்றும் கேளுங்கள்.

இனி முகவர் விஷயம். மூன்று விலைமனு வாங்கி, ஆகக் குறைந்ததை எடு என்ற விதியால்தான் இப்படியானவர்கள் பிழைக்கிறார்கள். விலையை ஒப்பிடும் படிவத்தில் பொருளைச் சோதித்ததா என்று கேட்க ஓர் இடமில்லை! நிக்கல் என்று, நிக்கல்–குரோமியக் கலப்பான நிக்குரோம் கம்பி வருவதுண்டு. அறை வெப்பநிலையில் காந்தம் அதை இழுக்காது. நிக்கல் முலாம் பூசிய உருக்கும் வரும், அதை இழுக்கும். ஆகவே குறட்டால் ஒரு துண்டைப் பிடித்துத் தீயில் காட்டுங்கள். சிவக்குமுன் எடுத்து, சூட்டோடு காந்தத்துக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். நிக்கல் 358 பாகைக்கு மேல் காந்தத்தை மதிக்காது, ஆறினால் மறுபடி ஒட்டும். உருக்கு 770 வரை விடாது. உற்பத்தியாளரின் தொகுதி இலக்கத்தோடு பகுப்பாய்வுச் சான்றிதழ் தராதவரிடம் ஒரு கிராமும் வாங்காதீர்கள்.

வெறும் டங்ஸ்டன் படகில் (உலோகத்தை வைத்துச் சூடாக்கும் தட்டில்) உருக்குகிறீர்களா என்றும் பாருங்கள். உருகிய நிக்கல் டங்ஸ்டனைக் கரைக்கும். அலுமினா பூசியது வேண்டும்.

மாதிரிகளை இந்தியாவுக்கு அனுப்பி அளப்பித்துத் தருகிறேன் என்பவருக்கும் இப்போதே காசு கட்டாதீர்கள். முதலில் நான்கு முனை முறையில் (இரண்டு முனையால் மின்னோட்டம் விட்டு, மற்ற இரண்டால் மின்னழுத்தம் அளப்பது) தடையை இங்கேயே அளவுங்கள். குறையில்லாத நிக்கலானால் 100 நனோமீற்றர் படலத்தின் சதுரத்தடை (சதுரத் துண்டொன்றின் எதிர்ப் பக்கங்களுக்கிடையிலான தடை) 0.7 ஓம். உங்களுடையது 1, 2 ஓமுக்குள் வந்தால் அனுப்பலாம். பல மடங்கு ஏறினால் ஒட்சைட்டும் இடைவெளியும் நிறைய இருக்கின்றன. வேகத்தைக் கூட்டி இன்னொரு படலம் செய்து அதை அளவுங்கள். அனுப்பும்போது பிளாஸ்டிக் இடுக்கியால் மட்டும் தொட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடி, வரைபடம் போதாது, அளவீட்டுத் தரவுக் கோப்பும் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.