வரப்பில் சிலந்தி, ஓலையில் குளவி: குமரி விவசாயிகளின் கேள்விகளும் பதில்களும்

பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்னும் பூச்சிகள் பற்றி நம் மாவட்ட விவசாயிகள் எழுப்பிய கேள்விகளில் ஆறினை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கேள்விக்கான பதில் நீளமானது. மற்றப் பதில்கள் பலவற்றுக்கும் அதுவே அடிப்படை என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேரூரிலிருந்து ஒருவர்: ஐயா, கடந்த கும்பப்பூவில் (இரண்டாம் நெல் போகத்தில்) நட்ட இருபதாம் நாளே இலைச்சுருட்டுப்புழுவைக் கண்டு மருந்து அடித்தேன். பிறகும் ஒருமுறை அடித்தேன். ஆனாலும் கதிர் வரும் சமயத்தில் புகையான் (தூரடியில் சாறு உறிஞ்சும் பூச்சி) வயலை வட்ட வட்டமாகக் கருக்கிவிட்டது. இரண்டு முறை அடித்தும் ஏன் வந்தது?

அடித்ததனால்தான் வந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். புகையான் தன் முட்டைகளை நெல்லின் இலையுறைக்குள்ளே, திசுவைக் கீறிச் செருகி வைக்கிறது. தெளித்த மருந்து பெரும்பாலும் அங்கே எட்டாது. ஆனால் அந்த முட்டைகளைத் தேடிக் குத்தி உறிஞ்சும், மூன்று மில்லிமீட்டரே நீளமுள்ள பச்சை நிற மிரிட் நாவாய்ப்பூச்சியும், தூரடியில் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தியும் வெளியில் இருப்பதால் அன்றே மடிந்துவிடுகின்றன. ஏழெட்டு நாளில் முட்டை பொரித்து வெளிவரும் குஞ்சுகளுக்குப் பகையே இல்லாத வயல் கிடைக்கிறது. ஒரு ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை பிடிக்கக்கூடியது என்பதை நினைத்துப் பார்த்தால், இழப்பின் அளவு விளங்கும். இந்தோனேசியாவில் இதே காரணத்தால் புகையான் பெருகியபோது, 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை அரசே தடை செய்தது.

இலைச்சுருட்டுப்புழுவைப் பொறுத்தவரை, இளம்பயிர் சில இலைகளை இழந்தாலும் புதுத் தூர் விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். வியட்நாமின் மீகாங் வடிநிலத்தில் 1994 முதல், விதைத்த முதல் 40 நாள்களில் மருந்து அடிக்க வேண்டாம் என்று வானொலி வழியாகவே பிரசாரம் செய்தார்கள். நட்டவுடன் வெள்ளையாய்க் கோடிட்ட இலையைப் பார்த்தால் நமக்குக் கை துறுதுறுக்கும் என்பது எனக்கும் தெரியும்; அந்தக் கையைக் கட்டிப்போடுவதுதான் இதில் கடினமான வேலை.

அடுத்த போகத்தில் வாரம் ஒருமுறை தூரை விரித்து எண்ணுங்கள். சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு புகையான், குத்துக்கு (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் என்பது பரிந்துரைக்கப்பட்ட பொருளாதாரச் சேதநிலை, அதாவது மருந்தை நினைக்க வேண்டிய எல்லை. சிலந்தி இருக்கும் வயலில் இரு மடங்குவரை பொறுக்கலாம் என்று கணக்கே சொல்கிறது. நடும்போது இரண்டரை மீட்டருக்கு ஒரு அடி அகலத்துக்கு நடாமல் இடைவெளி (பட்டம்) விடுவதும், யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுவதும் இதனுடன் சேர வேண்டியவை.

பூதப்பாண்டியிலிருந்து: பூச்சியே இன்னும் வராத இளம்பயிரில் சிலந்திக்கு என்ன இரை? வரப்பில் கேந்தி (செண்டுமல்லி) நட்டால் போதுமா?

முதல் பாதி மிக நல்ல கேள்வி. தண்ணீர் கட்டிய வயலில் மட்கும் தழையையும் சாணத்தையும் தின்று வளரும் சிறு கொசு போன்ற ஈக்கள் ஆயிரக்கணக்கில் உண்டாகின்றன. அவை பயிரைத் தொடுவதில்லை. நெல்லின் பகைப்பூச்சி வருவதற்கு முன்பே சிலந்திகள் இவற்றைத் தின்று பெருகிவிடுகின்றன என்பதை ஜாவாவின் நெல்வயல்களில் செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே தொழுவுரமும் தழையுரமும் பயிருக்கு மட்டும் இடுகிற உரமல்ல, சிலந்திக்கும் அதுதான் சோறு.

முதல் போகமான கன்னிப்பூவை அறுத்த கையோடு கும்பப்பூவுக்கு உழுது, எல்லா வரப்பையும் ஒரே நாளில் செதுக்கிச் சேறு பூசிவிடுகிறோம். சிலந்திக்கு அப்போது ஒதுங்க இடமில்லை. பாதி வரப்பை ஒரு வாரம் தள்ளிச் செதுக்குங்கள். அல்லது வரப்போரம் ஆங்காங்கே சிறு வைக்கோல் கட்டுகளைப் போட்டு வையுங்கள். கட்டைத் தூக்கிப் பார்த்தால், முதுகில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு தாய்ச் சிலந்தி ஓடுவதைக் காணலாம்.

கேந்தியை விற்பதற்கென்றால் நடுங்கள், தோவாளைப் பூச்சந்தை பக்கத்தில்தானே இருக்கிறது. ஆனால் இதழ் அடுக்கடுக்காய் நெருங்கிய பூவில், பகைப்பூச்சியின் முட்டையிலோ புழுவிலோ வளர்ந்து அதைக் கொல்லும் சிறு வாயுள்ள ஒட்டுண்ணிக் குளவிக்குத் தேன் எட்டாது. எள் அதற்கு ஏற்றது. தட்டைப்பயறு பூவுக்கு வெளியேயும் தேன் சுரப்பதால் பூக்காத நாளிலும் உதவும். தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளில் பல பருவங்கள் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், வரப்பில் தேன்தரும் செடி வளர்த்த வயல்களில் பூச்சிமருந்துத் தெளிப்பு 70 விழுக்காடு குறைந்து, விளைச்சல் 5 விழுக்காடு கூடியது.

சுசீந்திரத்திலிருந்து: விளக்குப்பொறி வைக்கலாமா?

வைக்கலாம், மாலை ஆறு மணி முதல் பத்து வரை மட்டும். விடிய விடிய எரிந்தால் நல்ல பூச்சிகளும் அதில் சேர்ந்தே விழும்.

கருங்கலிலிருந்து: தென்னை ஓலையின் அடியில் வெள்ளை வளையங்கள், கீழே நிற்கும் வாழை இலை கறுத்துவிட்டது. உயரமான மரத்திற்கு எப்படி மருந்து அடிப்பது?

அடிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ இது. அதன் கூடவே என்கார்சியா என்ற சிறு குளவியும் வந்து சேர்ந்தது நம் நல்வாய்ப்பு. ஓலையைக் கைக்கெட்டும் குட்டைமரத்தில் திருப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: கறுத்த கூட்டுப்புழுக்கள் இருந்தால் அவற்றுள் குளவி வளர்கிறது. அத்தகைய ஓலைத் துண்டுகளை வெட்டி, குளவி இல்லாத தோப்பின் ஓலைகளில் பின் குத்தி வைக்கலாம். வாழை இலையைக் கறுக்கச் செய்த கரும்பூசணத்தையே தின்னும் சிறு வண்டு ஒன்றும் உண்டு. மீதியை மழை கழுவிவிடும். மருந்து அடித்த தோப்பில் குளவி முதலில் போகும், ஈ மறுபடி வரும்.

திருவட்டாற்றிலிருந்து: மரச்சீனியின் (மரவள்ளியின்) குருத்து சுருண்டு மாவுப்பூச்சி அப்பியிருக்கிறது. இது பப்பாளி மாவுப்பூச்சிதானா?

உடல் மஞ்சளானால் பப்பாளி மாவுப்பூச்சி. இளஞ்சிவப்பு சாயலுடன், குருத்தைக் குறுக்கிக் கொத்தாக்கினால் மரச்சீனி மாவுப்பூச்சி. முன்னது 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த அசிரோபேகஸ் குளவியால் அடங்கியது. பின்னது 2020-இல் திருச்சூரில் கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவில் 1981 முதல் விடப்பட்ட அனாகைரஸ் லோபேசி என்ற குளவி அங்கே கோடிக்கணக்கானோரின் உணவைக் காத்தது. அந்தப் பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை 2021-இல் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் தருவித்தது. திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். நடும் கம்பின் கணுக்களில் ஒட்டிக்கொண்டே இது ஊர்விட்டு ஊர் போகிறது என்பதால், தாக்குண்ட தோட்டத்திலிருந்து கம்பு வாங்காதீர்கள்.

குலசேகரத்திலிருந்து: கொல்லாமரத்தில் (முந்திரி மரத்தில்) மிசிறு எறும்பு கூடு கட்டியிருக்கிறது. ஆள்கள் ஏற மறுக்கிறார்கள். அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். தளிரையும் பூங்கொத்தையும் கருக்கும் தேயிலைக் கொசு என்ற நாவாய்ப்பூச்சியை மிசிறு விரட்டும். சீனாவில் ஆரஞ்சுத் தோட்டத்துக்காக இந்த எறும்புக் கூட்டைச் சந்தையில் விற்றதற்கு கி.பி. 304-ஆம் ஆண்டின் எழுத்துச் சான்று உண்டு. மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் அவற்றின் தேனுக்காக மிசிறு காக்கும் என்பது உண்மைதான். அவை மிகுந்த கிளையை மட்டும் வெட்டிவிடுங்கள். கொல்லாம்பழம் பெரும்பாலும் தானே விழுவது. பொறுக்குவதற்கு மரம் ஏற வேண்டியதில்லை. ஏறியே ஆக வேண்டுமென்றால் கையிலும் காலிலும் அடுப்புச் சாம்பலைத் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எறும்பு பிடிகிடைக்காமல் வழுக்கி விழும்.