வாசகர் கேள்வி: நடுவில் இருக்கும் நாடு

கேள்வி: நாடுகளின் உறவை வலைப்பின்னல் பகுப்பாய்வு மூலம் ஆராய்கிறார்களாமே? எந்த நாட்டிடம் படையும் பணமும் மிகுதி என்று பார்த்தாலே போதாதா?
- கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: போதாது என்பதற்கு உங்கள் ஊரே சாட்சி. கிருஷ்ணகிரி மக்கள்தொகையில் பெங்களூருக்கோ சென்னைக்கோ ஈடாகாது. ஆனால் பெங்களூரிலிருந்து ஒன்றாக வரும் 44, 48 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைகள் சேலத்துக்கும் சென்னைக்குமாக அங்கேதான் பிரிவதால், அந்த இடத்தில் வண்டிகள் நின்றுவிட்டால் மூன்று நகரங்களுக்கும் உறைக்கும். நாடுகளைப் புள்ளிகளாகவும், அவற்றின் வணிகம், தூதரகம், படை ஒப்பந்தம் ஆகியவற்றைக் கோடுகளாகவும் கொண்டு, பிறரை இணைக்கும் பாதைகளில் எந்தப் புள்ளி அதிகம் குறுக்கே நிற்கிறது என்று இந்த முறையில் கணக்கிடுகிறார்கள். அதற்கான அளவுகோலை அமெரிக்கச் சமூகவியலாளர் லிண்டன் ஃப்ரீமன் 1977இல் வகுத்துத் தந்தார்.

ஓமனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் 1980 முதல் தூதரக உறவே இல்லை. இருவருடனும் பேசக்கூடிய ஓமனில்தான் 2013இல் அவர்களுடைய அதிகாரிகள் இரகசியமாகச் சந்தித்தார்கள். அங்கே தொடங்கிய பேச்சு 2015ஆம் ஆண்டின் அணு ஒப்பந்தம்வரை நீண்டது. படைபலப் பட்டியலில் தேடினால் ஓமனின் இந்த முக்கியத்துவம் கண்ணில் படாது. நடுவில் இருப்பவர் வழியை அடைக்கவும் கூடும்: வங்கிகளுக்கிடையே செய்தி கடத்தும் ஸ்விஃப்ட் அமைப்பு பெல்ஜியத்தில் இருப்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்படி 2012இல் ஈரானிய வங்கிகளும் 2022இல் சில ரஷ்ய வங்கிகளும் அதிலிருந்து நீக்கப்பட்டன.

ஆனால் எதைக் கோடாக வரைகிறோம் என்பதில் கவனம் தேவை. பல ஆய்வுகள் இடறுவது இங்கேதான் என்பது என் எண்ணம். 2017 ஜூனில் ஐக்கிய அரபு அமீரகம் கத்தாருடன் உறவை முறித்தது. தூதரகக் கோட்டை அழித்துவிடலாம். ஆனால் கடலடிக் குழாய் வழியே கத்தாரின் எரிவாயு அமீரகத்துக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது.

கேள்வி: பகையையும் கோடாக வரைய முடியுமா?
- வாசகர், தருமபுரி

பதில்: முடியும், நட்புக்குக் கூட்டல் குறியும் பகைக்குக் கழித்தல் குறியும் இடுவார்கள். பகைவனின் பகைவன் நண்பனாகும் நிலையே நிலைக்கும் என்ற கருத்துக்கு, உளவியலாளர் ஃப்ரிட்ஸ் ஹைடர் 1946இல் அடித்தளம் இட்டார். ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி ஆகியவை 1882இல் கூட்டணி அமைத்தபின், பிரிட்டன் தன் நெடுநாள் போட்டியாளர்களான பிரான்சோடு 1904இலும் ரஷ்யாவோடு 1907இலும் இணங்கிப்போனதை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அதே இத்தாலி 1915இல் ஆஸ்திரியா-ஹங்கேரி மீதே போர் தொடுத்தது; 1882இல் இட்ட கூட்டல் குறியை நம்பியவருக்கு அது தெரிந்திருக்காது.