மோல் கணக்கில் விடை எங்கே நழுவுகிறது?

கேள்வி: 1.75 கிராம் கால்சியம் கார்பனேட்டை மிகுதியான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் எத்தனை கிராம் கார்பன் டைஆக்சைடு கிடைக்கும்? எனக்கு 0.748 வருகிறது, விடைப் பட்டியலில் 0.769 என்று இருக்கிறது. தரவில் மூன்று முக்கிய எண்ணுருக்கள் இருப்பதால் ஒவ்வொரு படியிலும் மூன்று தசம இடத்துக்கு முழுமைப்படுத்தினேன். எங்கே தவறு?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. தசம இடம் வேறு (புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பது), முக்கிய எண்ணுரு வேறு (அளவின் துல்லியத்தைச் சொல்லும் இலக்கங்கள்). இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

முதலில் மோல். ஒரு கிராம் கார்பனேட்டிலிருந்து ஒரு கிராம் வாயு வருவதில்லை. வினையின் வேதிச் சமன்பாடு பேசுவது எடையை அல்ல, எண்ணிக்கையை: ஒரு பங்கு கார்பனேட்டுக்கு ஒரு மூலக்கூறு கார்பன் டைஆக்சைடு. அதனால் கிராமை எண்ணிக்கையாக மாற்றி, விகிதத்தைப் போட்டு, மறுபடி கிராமுக்கு வருகிறோம். ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள். 2019 மே 20 முதல் இந்த எண் வரையறையாகவே நிர்ணயிக்கப்பட்டது; அதற்கு முன் 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று சொல்லிவந்தோம். உங்கள் கணக்கில் இந்த எண் வரவே வராது, மோலார் நிறை (ஒரு மோலின் நிறை, கிராமில்) இருந்தால் போதும்.

அணு நிறைகள்: கால்சியம் 40.078, கார்பன் 12.011, ஆக்சிஜன் 15.999. கூட்டினால் கார்பனேட்டுக்கு (CaCO₃) 100.09, கார்பன் டைஆக்சைடுக்கு (CO₂) 44.01 என்று எடுத்துக்கொள்ளலாம். இப்போது 1.75-ஐ 100.09-ஆல் வகுத்தால் 0.017484... இங்கேதான் நீங்கள் 0.017 என்று வெட்டிவிட்டீர்கள். முன்னால் வரும் சுழியங்கள் தசமப் புள்ளி எங்கே நிற்கிறது என்று காட்டுவதற்கு மட்டுமே, முக்கிய எண்ணுருவாகக் கணக்கில் சேராது. ஆகவே 0.017-இல் இருப்பது இரண்டே எண்ணுருக்கள். மூன்றாவதை நீங்களே தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த படியில் 44.01-ஆல் பெருக்கினீர்கள், 0.748 வந்தது.

சரி, 0.0175 என்று மூன்று எண்ணுருக்களோடு வைத்திருந்தால்? 0.770 வரும். இன்னும் ஒட்டவில்லை பாருங்கள். இடையில் முழுமைப்படுத்தவே கூடாது என்பது இதனால்தான். கால்குலேட்டரில் வந்த எண்ணை அப்படியே வைத்துப் பெருக்கினால் 0.76948, கடைசியில் ஒரே ஒரு முறை முழுமைப்படுத்தினால் 0.769. தாளில் படிகளை எழுதிக் காட்ட வேண்டுமென்றால் ஒன்றிரண்டு இலக்கம் கூடுதலாகவே எழுதுங்கள்.

சில புத்தகங்கள் 100, 44 என்று எளிய எண்களைப் போட்டு 0.77 என்று விடை தரும். அங்கே உங்களுக்கு 0.769 வந்தால் கவலைப்பட வேண்டாம், தேர்வில் மட்டும் கேள்வித்தாள் தந்த அணு நிறைகளையே பயன்படுத்துங்கள்.

இன்னொரு குழப்பமும் வரும். தேவையான அமிலம் எத்தனை மோல் என்று கேட்டால், ஒரு பங்கு கார்பனேட்டுக்கு இரண்டு பங்கு அமிலம் என்பதால், கார்பனேட்டின் மோலை 2-ஆல் பெருக்க வேண்டும். 2-இல் ஒரே எண்ணுரு இருக்கிறதே, விடையும் ஓர் எண்ணுருவா? இல்லை. சமன்பாட்டின் கெழு, அதாவது வாய்பாட்டுக்கு முன்னால் நிற்கும் எண், எண்ணி வந்தது, அளந்து வந்தது அல்ல. அதில் ஐயமே கிடையாது. விடை 0.0350 மோல். கடைசிச் சுழியத்தை விட்டுவிடாதீர்கள், அது எண்ணுருதான்.

பெருக்கல், வகுத்தலுக்கு எண்ணுருக்களைப் பார்க்கிறோம். கூட்டல், கழித்தலில்தான் தசம இடங்களைப் பார்க்க வேண்டும். நீங்கள் செய்தது அந்த விதியை இங்கே கொண்டுவந்ததுதான். ஆய்வகத்தில் இது நன்றாகவே உறைக்கும். பாத்திரத்தோடு 32.46 கிராம், வெறும் பாத்திரம் 31.98 கிராம் என்றால் பொருள் 0.48 கிராம். நான்கு எண்ணுருக்களோடு தொடங்கினோம், கையில் இருப்பது இரண்டு. பொருள் கால்சியம் கார்பனேட் என்றால் மோல் 0.0048 தான், 0.00480 என்று எழுத முடியாது. மூன்றாவது எண்ணுரு வேண்டுமென்றால் பொருளைக் கூடுதலாக எடுக்க வேண்டும், அல்லது மூன்று தசம இடம் காட்டும் தராசில் நிறுக்க வேண்டும்.