மீட்டர் யார் பெயரில் இருக்கிறது?

இராயபுரத்திலிருந்து லெஸ்டருக்கு வந்து ஆறு வாரமே ஆன தம்பி ஒருவர், வருமானம் குறைந்த குடும்பங்களின் மின்சார, எரிவாயுச் செலவுக்குப் பிரிட்டன் அரசு தரும் உதவி தமக்குக் கிடைக்குமா என்றும், எந்தக் குளிர்கோட்டு நல்லது என்றும் கேட்டிருக்கிறார். கோட்டைக் கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். மற்றதற்குத் தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டில் உட்கார்ந்து, விடுமுறை முடிவதற்குள் எழுதிவிடுகிறேன்.

குளிர்காலத்தில் மின்கட்டணத்தில் 150 பவுண்டு கழிக்கும் ‘வார்ம் ஹோம் டிஸ்கவுன்ட்’, கடுங்குளிர் தொடர்ந்து ஏழு நாள் நீடித்தால் வரும் 25 பவுண்டு ஆகியவை யூனிவர்சல் கிரெடிட் போன்ற உதவித்தொகை பெறுவோருக்கானவை. பொது நிதி, அதாவது அரசின் உதவித்தொகைகள், பெறக் கூடாது என்ற நிபந்தனை உங்கள் விசாவில் இருந்தால், அந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம். “போட்டுப் பாருப்பா, வந்தா லாபம்” என்பவர் நம்மவர்களில் எப்போதும் ஒருவர் இருப்பார். விசா நீட்டிப்பில் சிக்கல் வந்தால் அவர் போனை எடுக்க மாட்டார். மின்சார, எரிவாயு விலைக்கு 2019 முதல் உள்ள உச்சவரம்பு மட்டும் விசா பார்ப்பதில்லை. ஆனால் அது யூனிட் விலைக்கும், இணைப்புக்காகத் தினமும் கட்டும் நாள் வாடகைக்கும்தான் வரம்பு, மொத்த பில்லுக்கு அன்று. இதைப் புரிந்துகொள்ளாமல் இரவெல்லாம் ஹீட்டரை ஓடவிட்டவர்களை அறிவேன்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. குடிபுகுந்த அன்றே மீட்டரைப் படமெடுத்து, கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். 2008இல் எனக்குக் கிடைத்த அறையில் சாவி போட்டுப் பணம் ஏற்றும் பிரீபெய்டு மீட்டர் இருந்தது. பத்து பவுண்டு போட்டால் ஆறுதான் நிற்கும். முன்பு இருந்தவரின் கடனை இரண்டு மாதம் நான் அடைத்துக்கொண்டிருந்தேன் என்பதை, சாவிக்குப் பணம் ஏற்றும் கடையின் யாழ்ப்பாணத்து அண்ணர் சொல்லித்தான் அறிந்தேன். அதன் பிறகு மீட்டர் படிக்காமல் எந்த வீட்டுக்கும் முன்பணம் கொடுத்ததில்லை.

எங்கள் லைன் வீட்டிலும் அதே கதைதான். 2016 முதல் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில், எங்களுக்கோ அதிலிருந்து பிரித்த சப் மீட்டர். அந்த இலவசம் எங்களை எட்டுவதில்லை. இன்று காலை வந்த துண்டுச்சீட்டில் 212 யூனிட், எட்டு ரூபாய் வீதம் 1,696 என்று எழுதியிருந்தது. கேட்கப் போனவனை அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். “நீ பிளைட் ஏறிடுவ. நான்தான் இங்க இருக்கணும்.”