தனி வரிசை வேண்டாம் டீச்சர்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆங்கில வழிப் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். 34 பிள்ளைகளில் 11 பேருக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டக்கூட வரவில்லை. அவர்களில் ஒரு பையன் வாயே திறப்பதில்லை. வாசிக்க எழுந்தாலே மற்றவர்கள் சிரிக்கிறார்கள், மதியச் சாப்பாட்டுக்கும் தனியாகத்தான் உட்காருகிறான். மெல்லக் கற்போரைத் தனி வரிசையில் உட்கார வையுங்கள் என்கிறார் உடன் வேலை பார்க்கும் ஆசிரியர். இந்த ஆண்டு நான் ஒரு செயலாராய்ச்சியும் (சொந்த வகுப்பில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, பலனை அளந்து எழுதும் ஆய்வு) செய்து தர வேண்டும். ஆராய்ச்சியால் வகுப்பறைக்கு உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா?
- ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: தனி வரிசை வேண்டாம் டீச்சர். மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வரிசை எதற்கென்று அந்த 11 பேருக்கும் முதல் நாளே தெரிந்துவிடும், மீதி 23 பேருக்கும் தெரிந்துவிடும், ஏற்கெனவே தனியாகச் சாப்பிடுகிற பையனை வகுப்பிலும் தனியாக்கியதாகத்தான் முடியும். வாசிப்பை ஒரு பிரச்சினையாகவும் நட்பை இன்னொரு பிரச்சினையாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. வாசிக்க வராததால் சிரிக்கிறார்கள், சிரிப்பதால் அவன் வாயைத் திறப்பதில்லை, வாயைத் திறக்காத பிள்ளைக்கு வாசிப்பு எப்படி வரும்?

உங்கள் வகுப்பைப் போலவே ஒரு வகுப்பு, 1971இல், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில். கறுப்பினப் பிள்ளைகள், வெள்ளையர், மெக்சிகோ வம்சாவளியினர் எல்லாரையும் அப்போதுதான் ஒரே பள்ளிகளில் சேர்த்திருந்தார்கள், ஒரே சண்டை. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டுகளாக வெட்டி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டார். என் துண்டு எனக்கு மட்டும்தான் தெரியும், தேர்வு முழுப் பாடத்திலும் வரும். அந்தக் குழுக்களில் ஒன்றில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பேசும் பையன் ஒருவன் திக்கித் திக்கித் தன் பகுதியைச் சொல்ல, மற்றவர்கள் கேலி செய்தார்கள். கூட இருந்த உதவியாளர் அதட்டவில்லை. இப்படிப் பேசிக்கொண்டிருந்தால் தேர்வுக்கு அந்தப் பகுதி உங்களுக்குத் தெரியாமலே போகும் என்று மட்டும் சொன்னார். சில நாட்களில் அவர்கள் அவனிடம் நல்ல கேள்விகளாகக் கேட்கப் பழகினார்கள், கேள்வி நன்றாக இருந்ததும் அவனுக்குப் பதில் சொல்ல வந்தது. அதற்கு முன்னால் அவனுடைய ஆசிரியர், பாவம், கேட்டால் அவமானப்படுவான் என்று அவனைக் கேள்வியே கேட்காமல் விட்டிருந்தார். நல்ல மனதோடு நாமும் செய்கிற தவறு இது.

இதை நீங்கள் நாளைக்கே செய்யலாம். ஐந்தாறு பேர் கொண்ட குழு, ஆளுக்கு ஒரு பத்தி. ஒரே பத்தி கிடைத்தவர்கள் முதலில் ஒன்றாகக் கூடிப் பேசிப் பழகிக்கொள்ளட்டும், பிறகு அவரவர் குழுவுக்குப் போகட்டும். இந்தப் படியை விட்டுவிடாதீர்கள், பயப்படுகிற பிள்ளைக்கு ஒத்திகை பார்க்க இடம் கிடைப்பது இங்கேதான். உங்கள் பையனுக்கு மட்டும் முதல் நாள் சாயங்காலமே அந்தப் பத்தியை நீங்கள் ஒருமுறை வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

சரி, எழுத்துக்கூட்டவே வராதவனுக்கு இது போதுமா? போதாது. காஃப், டன்மர் என்ற இரண்டு வாசிப்பு ஆய்வாளர்கள் 1986இல் சொன்னது எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது. வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் கூட்டப்பட்டதல்ல, பெருக்கப்பட்டது. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். அதனால் அவனுக்கு எது பூஜ்யம் என்று முதலில் பாருங்கள். ஒரு தமிழ்ப் பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் சரளமாக வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஆங்கில எழுத்தின் ஒலிதான் இன்னும் பிடிபடவில்லை. தமிழும் திணறினால் தமிழிலிருந்தே தொடங்குங்கள், ஒரு மொழியில் வாசிக்கக் கற்றது இன்னொரு மொழிக்குக் கைகொடுக்கும். கண், காது பரிசோதனையும் செய்து, வட்டார வள மையத்தில் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்காக இருக்கும் சிறப்பாசிரியரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஒலி விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழில் எழுத்தின் பெயரே அதன் ஒலி, ‘ம’ என்றால் ம. அதே நம்பிக்கையோடு ஆங்கிலத்துக்கு வருகிற பிள்ளையிடம் ‘பி, இ, என்’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ‘பென்’ என்று வாசி என்கிறோம். அவன் கணக்குப்படி அது ‘பீயீஎன்’தானே! எழுத்தின் பெயரைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவிட்டு ப், எ, ன் என்று ஒலியைச் சேர்க்கப் பழக்குங்கள். இன்னொன்று, பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பெரியது என்று பொருள்படும் சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் ‘பிக்’தான். நம் எழுத்து பிரிக்காத ஒலிகளை அவன் காதும் சட்டென்று பிரிக்காது. அதற்கு உதட்டையும் தொண்டையையும் தொட்டுப் பார்த்துச் செய்கிற பயிற்சி வேண்டும், இம்போசிஷன் உதவாது.

இதற்குத் தினமும் அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் மொத்த வகுப்பும் வாசிப்பு நிலைப்படி இடம் மாறி உட்காரட்டும், 11 பேர் மட்டும் எழுந்து போகக் கூடாது. முன்னேறிய பிள்ளை அடுத்த குழுவுக்குப் போகட்டும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பல மாநிலங்களில் எந்த வகுப்பு என்று பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துக் குழு பிரித்துச் சொல்லிக்கொடுத்து, அது பலன் தருவதை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ போன்ற பொருளாதார அறிஞர்கள் அளந்தும் காட்டியிருக்கிறார்கள். தனி வரிசை ஆண்டு முழுக்க ஒட்டிக்கொள்ளும், இது அரை மணி நேரத்தில் கலைந்துவிடும்.

உங்கள் செயலாராய்ச்சியும் இதுவாகவே இருக்கட்டும், வேறு தலைப்புத் தேடாதீர்கள். தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணிக்கொள்ளுங்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு சீட்டு, ‘குழு வேலைக்கு யார் கூட இருக்கப் பிடிக்கும்? மூன்று பேர் எழுது.’ யாரைப் பிடிக்காது என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். சீட்டுகளை வேறு யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை சீட்டில் அந்தப் பையனின் பெயர் இருக்கிறது என்று குறித்துவைத்து, பத்து வாரம் கழித்து இரண்டையும் மறுபடி எடுங்கள். எண் ஏறாவிட்டால் ஏறவில்லை என்றே எழுதுங்கள். எல்லாப் பிள்ளைகளும் நூற்றுக்கு நூறு என்று முடிகிற அறிக்கைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அவற்றால் ஒரு பிள்ளைக்கும் பயனில்லை. அறிக்கையில் பிள்ளைகளின் பெயரும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியதும், வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பதில் சொன்னார்கள். அந்தப் பையனிடம் கேட்கும்போது மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். தமிழில் பதில் சொன்னால் தமிழிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். பத்து வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள், மதியம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதையும் சேர்த்து.