பழைய பியானோவுக்கு எந்தத் தடிப்பில் கம்பி?

கேள்வி: எங்கள் ஊர்த் தேவாலய மண்டபத்திலுள்ள பழைய பியானோவின் கம்பிகள் துருவேறி, சில அறுந்தும் போய்விட்டன. எல்லாவற்றையும் மாற்ற எண்ணியுள்ளோம்; ஆனால் கம்பியின் தடிப்பைக் காட்டும் இலக்கங்கள் எங்கும் குறிக்கப்படவில்லை. சற்றுத் தடித்த கம்பி பூட்டினால் அறாது என்கிறார் ஒருவர். அப்படிச் செய்யலாமா ஐயா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: செய்ய வேண்டாம். நீளமும் சுருதியும் மாறாதிருக்க, கம்பியின் இழுவிசை அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும், 0.875 மில்லிமீற்றர் கம்பி இருந்த இடத்தில் 0.925 மில்லிமீற்றர் கம்பியைப் பூட்டினால் இழுவிசை ஏறத்தாழ 12 சதவீதம் உயரும். கம்பி தாங்கும் வலுவும் ஏறக்குறைய அதே அளவில்தான் உயரும் என்பதால், அறும் ஆபத்து குறையாது. பல தொன் இழுவிசையை ஏற்கெனவே சுமந்து நிற்கும் பழைய வார்ப்பிரும்புச் சட்டத்துக்கும் ஒலிப்பலகைக்கும் சுமை கூடுவதே மிச்சம்.

ஆகவே, இருந்த அளவையே கண்டுபிடிக்க வேண்டும். பியானோக் கம்பிகள் பொதுவாக 0.025 மில்லிமீற்றர் இடைவெளியில் வருவதால் அடிமட்டம் உதவாது, மைக்ரோமீற்றர் அவசியம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நல்ல கடைசல் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். மாரிகால ஈரத்தில் ஏறிய துரு கம்பியைத் தடிப்பாகக் காட்டும் என்பதால், துருவில்லாத இடங்களில், முறுக்காணியில் (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ஆணி) சுற்றியிருந்த பகுதியைத் தவிர்த்து, ஒவ்வொரு கம்பியையும் பலமுறை அளந்து, சுர வரிசைப்படி எழுதிக்கொள்ளுங்கள். உச்சச் சுரங்களிலிருந்து கீழிறங்க இறங்க விட்டம் படிப்படியாகக் கூடுவதையும், அடுத்தடுத்த பல சுரங்கள் ஒரே அளவில் இருப்பதையும் அந்தப் பட்டியலில் காண்பீர்கள். இடையில் ஒன்று மட்டும் பொருந்தாவிட்டால், முன்பு திருத்தியவர் கைக்குக் கிடைத்ததைப் பூட்டியிருக்கக்கூடும். அங்கே அயற்கம்பிகளின் அளவையே நம்புங்கள். வாங்கும்போது இலக்கத்தைச் சொல்லாமல் மில்லிமீற்றரிலேயே கேளுங்கள், ஏனெனில் பழைய இலக்க முறைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

செப்புக்கம்பி சுற்றிய மந்தரக் (தாழ்ந்த சுரக்) கம்பிகளுக்கு இந்த ஓர் அளவு போதாது. உள்ளிருக்கும் உருக்குக் கம்பியின் விட்டம், சுற்றோடு சேர்த்த விட்டம், செப்புச் சுற்றுத் தொடங்கி முடியும் இடங்கள் ஆகிய மூன்றும் வேண்டும். அறுந்த துண்டுகளையும் எறியாமல், சுர வரிசை எழுதிக் கட்டி, கம்பி சுற்றித் தருபவருக்கு மாதிரியாக அனுப்புங்கள்.