நிரல் எந்தக் கணினியில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க மேக் அட்ரஸ் போதுமா?

கடைகளுக்கு விற்கும் பில்லிங் நிரலை யாராவது வேறு கணினிக்கு நகலெடுத்தால் தெரிய வேண்டும், அதற்கு மேக் அட்ரஸைப் பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மளிகைக் கடைகளுக்கு இதே வேலையைத்தான் செய்து கொடுக்கிறேன். மேக் அட்ரஸை மட்டும் நம்பினால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் நெரியும் நேரத்தில்தான் கடைக்காரரிடமிருந்து போன் வரும். அந்த 48 பிட் எண் நெட்வொர்க் கார்டுக்கு உரியது. வைஃபை அடாப்டர் கெட்டு, சிம் லிம் ஸ்குவேர் எலக்ட்ரானிக்ஸ் மாலில் வேறொன்று வாங்கிச் செருகினால் எண்ணும் மாறிவிடும். கணினியின் பெயர் அதைவிட மோசம், யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) மெஷின்கைட் என்ற அடையாள எண் இருக்கிறது. லினக்ஸில் மெஷின்-ஐடி, 32 எழுத்து. இரண்டும் நல்லவைதான், ஆனால் இவை அந்த ஓஎஸ் நிறுவலுக்கான அடையாளங்கள். ஒரு டிஸ்கை அப்படியே குளோன் செய்து எல்லா கவுன்டருக்கும் போட்டுவிட்டால் எல்லாம் ஒரே எண்ணைச் சொல்லும். விண்டோஸை மறுபடி நிறுவினாலோ பழைய கணினியே புதிதாகத் தெரியும்.

மதர்போர்டின் பயாஸ் யூயூஐடி (போர்டிலேயே பதிந்திருக்கும் அடையாள எண்) ஓரளவு உறுதியானது. ஆனாலும் சில மலிவு போர்டுகளில் சீரியல் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'டு பி ஃபில்ட் பை ஓ.இ.எம்.' என்றே எழுதியிருக்கும். தயாரித்தவர்கள் நிரப்பவே இல்லை!

அதனால் நான் செய்வது இதுதான். நிரல் முதல்முறை ஓடும்போது தானே ஒரு ரேண்டம் ஐடி உருவாக்கி, லைசென்ஸ் சாவியோடு சர்வரில் பதிந்துகொள்ளும். மெஷின்கைட், பயாஸ் யூயூஐடி, டிஸ்க் சீரியல் மூன்றும் துணைச் சாட்சிகள். இரண்டு பொருந்தினால் அதே கணினி என்று விட்டுவிடுவேன். இவற்றை அப்படியே அனுப்பாதீர்கள். உங்கள் நிரலுக்கு மட்டுமான ரகசியச் சாவி சேர்த்து ஹாஷ் செய்து, அதாவது மூல எண்ணைத் திரும்ப எடுக்க முடியாதபடி மாற்றி, அனுப்புங்கள். மெஷின்-ஐடிக்கான லினக்ஸ் கையேடும் அதை வெளியே காட்டாமல் ஹாஷ் செய்யத்தான் சொல்கிறது.

நிரல் கன்டெய்னரில் (நிரலைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் முறை) ஓடுவதாக இருந்தால் கதையே வேறு. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் மென்பொருள் ஒவ்வொரு புதுக் கன்டெய்னருக்கும் புதுப் பெயர் வைக்கும். அங்கே கணினியைத் தேடாமல், ஒரே நேரத்தில் எத்தனை பிரதிகள் ஓடுகின்றன என்று சர்வரில் எண்ணுவதுதான் சரி.

அப்புறம், பொருந்தவில்லை என்றதும் பில் போடுவதை நிறுத்திவிடாதீர்கள். மதர்போர்டு மாற்றியது கடைக்காரர் குற்றமா என்ன? ஒரு வாரம் ஓட விட்டு, பழைய கணினியை நீக்கிப் புதியதைப் பதிய ஒரு பட்டன் கொடுங்கள்.